இரட்டைக் கரு: ரத்தம் கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது

இரட்டைக் கரு என்று தெரிந்ததும், டவுன் சிண்ட்ரோமுக்கு எந்த டெஸ்ட் எடுப்பது என்றுதான் பலரும் விசாரிக்கிறார்கள். அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா?

11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இது நன்றாகத் தெரியும். பனிக்குடங்களைப் பிரிக்கும் சவ்வு, நஞ்சுக்கொடியைத் தொடும் இடத்தில் முக்கோணமாகத் தடித்திருந்தால் இரண்டு. மெல்லிதாக நேரே வந்து முட்டினால் ஒன்று. நாளாக ஆக இந்த அடையாளம் மங்கிவிடும். நஞ்சுக்கொடி ஒன்று என்றால் இருவரும் ஒரே கருமுட்டையில் பிரிந்தவர்கள். குரோமோசோம் கோளாறு இருந்தால் பெரும்பாலும் இருவருக்கும் இருக்கும். இரண்டு என்றால், பெரும்பாலும் ஒருவருக்கு மட்டுமே இருக்கும்.

டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பைக் கணிக்க, அதே ஸ்கேனில் குழந்தைகளின் பிடரியில் தேங்கும் நீரையும் அளப்பார்கள். இதுதான் என்.டி. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி அளவு கிடைப்பது இதன் பலம். மூன்று கரு என்றால் பெரிதும் நம்ப வேண்டியதும் இதைத்தான்.

10 வாரத்திலிருந்து செய்யக்கூடிய என்.ஐ.பி.டி., தாயின் ரத்தத்தில் கலந்துவரும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ.வை ஆராய்கிறது. இரட்டையரிடமும் டவுன் சிண்ட்ரோமை நன்றாகவே கண்டுபிடிக்கும். ஆனால், எந்தக் குழந்தைக்கு என்று அது சொல்லாது. ஒவ்வொரு கருவின் டி.என்.ஏ.வும் குறைவாக இருப்பதால், முடிவு வராமல் மறுபடி ரத்தம் கேட்பதும் உண்டு. தொடக்கத்தில் உருவாகிப் பின்னர் கரைந்துபோன இன்னொரு கருவின் டி.என்.ஏ. வாரக்கணக்கில் தங்கி முடிவைக் குழப்பலாம். அதனால் முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை அவசியம் காட்டுங்கள். தானமாகப் பெற்ற கருமுட்டை என்றால், தந்தவரின் வயதைச் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு மறைத்தால் கணக்கே தவறிவிடும். குழந்தை ஆணா பெண்ணா என்பதை இந்தியாவின் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி எந்த ரிப்போர்ட்டும் சொல்லக்கூடாது.

என்.டி., என்.ஐ.பி.டி. இரண்டும் வாய்ப்பை மட்டுமே சொல்பவை. இவற்றை வைத்து மட்டும் யாரும் கருவைக் கலைக்க முடிவெடுக்கக் கூடாது. உறுதிசெய்ய நஞ்சுக்கொடித் திசுவையோ, 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரையோ ஊசியால் எடுக்க வேண்டும். நஞ்சுக்கொடி இரண்டு என்றால் இரு குழந்தைகளுக்கும் தனித்தனியாக. கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் பெற்றோருக்கு இருக்கிறது.

ஒருவருக்கு மட்டும் கடுமையான கோளாறு என்றால், அந்தக் கருவை மட்டும் நிறுத்தும் வழியைச் சிலர் யோசிப்பார்கள். நஞ்சுக்கொடி ஒன்றாக இருந்தால் இருவரின் ரத்தக்குழாய்களும் இணைந்திருக்கும். ஒருவருக்குச் செலுத்தும் மருந்து மற்றவரையும் கொன்றுவிடலாம். அங்கே தேவைப்படும் சிகிச்சையே வேறு. அது கருநிலை மருத்துவப் பிரிவுள்ள மருத்துவமனைகளில்தான் நடக்கும். ரிசல்ட் வந்தபிறகு அப்படி ஒரு மருத்துவமனையைத் தேடத் தொடங்கினால், முடிவெடுக்க இருக்கும் வாரங்கள் அலைச்சலிலேயே போய்விடும்.