டார்க் ஆம்பியன்ட்: ஒரே ஒரு சுருதியை வைத்து இசை செய்வது எப்படி?

இரவு பத்தரை மணி. தொம்மலூர் மேம்பாலத்தில் இன்னும் வண்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன. அமெரிக்க டீமோடு கடைசி கால் முடிந்து லேப்டாப்பை மூடியாகிவிட்டது. தூக்கம் வரவில்லை, இன்னொரு திரையைப் பார்க்கவும் மனசில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் மேசை மேல் இருக்கும் ஒரு சின்னப் பெட்டியை ஆன் செய்து, ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, அதை அரை மணி நேரம் மெதுமெதுவாக மாற்றிக்கொண்டே கேட்கிறவர்கள் உண்டு.

அந்தப் பெட்டி சிந்தசைசர். அதிலிருந்து வரும் இசைக்குப் பெயர் டார்க் ஆம்பியன்ட். தாளம் இல்லை, பாடல் வரி இல்லை, மெட்டு என்று சொல்லும்படியும் பெரிதாக எதுவும் இல்லை. கேட்கப் பிடித்துப்போனால், நாமும் செய்து பார்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு. உடனே எந்த மெஷின் வாங்கலாம் என்று தேட ஆரம்பித்துவிடுவோம். பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மெஷினுக்கு முன்னால் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அது நம்ம காதுக்கு ஏற்கெனவே பழக்கமான விஷயமும்கூட.

டார்க் ஆம்பியன்ட் என்றால் என்ன?

'ஆம்பியன்ட்' என்ற பெயரைப் பரவலாக்கியவர் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. 1978-ல் வந்த 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' ஆல்பம்தான் தொடக்கப்புள்ளி. கவனித்துக் கேட்டாலும் சரி, பின்னணியில் ஓடவிட்டாலும் சரி, இரண்டுக்கும் ஈடுகொடுக்கும் இசை என்பது அவருடைய எண்ணம். 1982-ல் அவரே வெளியிட்ட 'ஆன் லேண்ட்' ஆல்பத்தில் அந்த இசை கொஞ்சம் இருட்டானது. 1990-ல் வெளியான லஸ்ட்மார்டின் 'ஹெரெஸி', டார்க் ஆம்பியன்டின் அடையாள ஆல்பங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

இந்த இசையின் முதுகெலும்பு 'ட்ரோன்'. கல்யாண வீட்டில் பறந்து வீடியோ எடுக்கிற ட்ரோன் அல்ல. நிற்காமல் ஒலிக்கும் ஒரே சுருதியைத்தான் இசையில் ட்ரோன் என்கிறார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் எலியான் ராடிக் சுமார் முப்பது ஆண்டுகள் ஏஆர்பி 2500 என்ற ஒரே சிந்தசைசரை வைத்து இப்படிப்பட்ட இசையைச் செய்தார். அவருடைய 'மரணத்தின் முத்தொகுப்பு' கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும். எந்த நொடியில் ஒலி மாறியது என்று சுட்டிக்காட்டவே முடியாது. ஆனால் பத்து நிமிடம் கழித்துக் கவனித்தால் வேறொரு இடத்துக்கு வந்திருப்போம்.

இது நமக்குப் புதுசா?

இல்லை. யாராவது இன்னொருவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினால் "ஒத்து ஊதாதே" என்கிறோம். அந்த 'ஒத்து' உண்மையில் ஒரு வாத்தியம். நாதஸ்வரக்காரர் ராகம் வாசிக்க, பக்கத்தில் ஒருவர் மூச்சு விடாமல் ஒரே சுருதியை ஊதிக்கொண்டே இருப்பார். அதுதான் ஒத்து. இன்று பெரும்பாலான இடங்களில் அந்த வேலையைச் சுருதிப் பெட்டி செய்கிறது.

தம்புராவும் இதே வேலைதான். ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு. தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு சின்ன நூலை வைத்து, அதை இம்மி இம்மியாக நகர்த்துவார்கள். சரியான இடம் வந்ததும் தந்தி ரீங்கரிக்க ஆரம்பிக்கும். ஒரே ஸ்வரத்துக்குள் ஒளிந்திருக்கும் மேல் ஸ்வரங்கள் எல்லாம் வெளியே வரும். சிந்தசைசரில் ஃபில்டர் என்ற பகுதி செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

மேற்கத்திய ட்ரோன் இசைக்கும் இங்கிருந்து ஒரு நேரடிக் கோடு போகிறது. அமெரிக்காவில் அந்த இசைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான லா மான்டே யங், 1970 முதல் கிரானா கரானாவைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத்திடம் சீடராக இருந்து பாட்டு கற்றார்.

இரண்டு மெஷின்கள், இரண்டு முடிவுகள்

இந்தியாவில் சிந்தசைசரின் கதை அகமதாபாத்தில் தொடங்குகிறது. 1969-ல் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு (என்ஐடி) அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ட்யூடர் வந்தார். அங்கே மூக் மாடுலர் சிந்தசைசர் ஒன்றை நிறுவி ஒரு ஸ்டுடியோவையே உருவாக்கினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாதுர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் வேலை செய்தார்கள். சில ஆண்டுகளிலேயே ஸ்டுடியோ அமைதியாகிவிட்டது. ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் நிறுவனத்திலேயே கிடந்தன. பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்கஸ் அவற்றைத் தேடி எடுத்துத் தொகுத்த பிறகு, 2023-ல்தான் 'தி என்ஐடி டேப்ஸ்' என்ற ஆல்பமாக உலகம் கேட்டது.

இன்னொரு மெஷின் பெங்களூருவுடையது. தொம்மலூரிலிருந்து பழைய விமான நிலையச் சாலையில் கிழக்கே போனால் எச்ஏஎல் வரும். அங்கே பொறியாளராக வேலை பார்த்தவர் புல்லாங்குழல் கலைஞர் ஜி. ராஜ் நாராயண். மின்னணு சுருதிப் பெட்டி, மின்னணு தம்புரா ஆகியவற்றை உருவாக்கிய முன்னோடி. அவர் தொடங்கிய ராடெல் நிறுவனத்தின் பெட்டிகள் பாட்டு வகுப்பு, கச்சேரி மேடை என்று எங்கும் போய்ச் சேர்ந்தன.

மூக் மாடுலரால் எத்தனையோ விதமான ஒலிகளை உருவாக்க முடியும். சுருதிப் பெட்டிக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. ஆனாலும் நிலைத்தது சுருதிப் பெட்டிதான். அதைத் தினமும் ஆன் செய்ய ஒருவருக்குத் தேவை இருந்தது. வீட்டில் சிந்தசைசர் வாங்கி வைப்பவர்களுக்கும் இது பொருந்தும். கேட்கும் பழக்கம் இருந்தால் மெஷின் வாழும். இல்லையென்றால் அது தூசி தட்ட வேண்டிய இன்னொரு பொருள்.

லேப்டாப்பே போதாதா, ஹார்டுவேர் எதுக்கு?

ஒலியை மட்டும் பார்த்தால் லேப்டாப் தாராளமாகப் போதும். இன்றைய மென்பொருளில் கிடைக்காத ஒலி என்று அநேகமாக எதுவும் இல்லை.

வித்தியாசம் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. ஹார்டுவேரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நாப். காதால் கேட்டபடி கையால் திருப்பலாம், பார்க்கத் திரை தேவையில்லை. நோட்டிஃபிகேஷன் வராது. பல அனலாக் மெஷின்களில் சேமிக்கும் வசதியே கிடையாது. நாளைக்கு அதே ஒலியைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதால், இன்று அதை ஒழுங்காகக் கேட்கத் தோன்றும். நாள் முழுக்க திரையோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதுவே போதுமான காரணம்.

சரி, என்னென்ன வேணும்?

மூன்றே பொருள்கள்:

- இரண்டு ஆஸிலேட்டர், ஒரு ஃபில்டர், ஒரு எல்எஃப்ஓ உள்ள சிந்தசைசர். ஆஸிலேட்டர் ஒலியை உண்டாக்கும். ஃபில்டர் அதில் ஒரு பகுதியை மறைக்கும். எல்எஃப்ஓ என்பது நமக்குப் பதிலாக நாபை மெதுவாகத் திருப்பும் கண்ணுக்குத் தெரியாத கை.
- ஒரு ரிவெர்ப் பெடல். ஒலி பெரிய மண்டபத்தில் எதிரொலித்து அடங்குவது போன்ற உணர்வை இது தரும்.
- ஒரு நல்ல ஹெட்போன். லேப்டாப் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் சரியாகக் கேட்காது. இந்த இசையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

கோர்க் வோல்கா கீஸ் போன்ற சின்ன மெஷினில் மூன்று ஆஸிலேட்டர்கள், ஃபில்டர், எல்எஃப்ஓ, டிலே எல்லாம் உள்ளேயே இருக்கும், பேட்டரியிலும் ஓடும். சோமா லைரா-8 ட்ரோனுக்கென்றே செய்யப்பட்டது. அதில் பியானோ கட்டைகளுக்குப் பதில் விரல் வைக்கும் தொடு தகடுகள், எட்டு குரல்கள். ஆனால் முதல் மெஷினாக அதை வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தால் சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர் என்று விலை ஏறும். அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு, பழைய பொருளாக உள்ளூரிலேயே கிடைக்குமா என்று முதலில் பார்ப்பது நல்லது.

முதல் ஒலியை எப்படி உருவாக்குவது?

1. முதல் ஆஸிலேட்டரை 'சா டூத்' அலையில் வைத்து 110 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்கவும். நம்ம கணக்கில் அது ஆறு கட்டை, கீழ் ஸ்தாயி. போனில் இருக்கும் ட்யூனர் ஆப் போதும்.

2. ஒலியை நிற்காமல் ஓடவிடவும். 'ஹோல்டு' வசதி இல்லாவிட்டால் மடித்த காகிதத்தைச் செருகிக் கட்டையை அமுக்கி வைக்கலாம்.

3. இரண்டாவது ஆஸிலேட்டரையும் அதே சுருதியில் வைத்து, மிக மிகக் கொஞ்சமாக விலக்கவும். ஒன்று 110, இன்னொன்று 110.2 ஹெர்ட்ஸ் என்றால் இரண்டும் 5 நொடிக்கு ஒருமுறை சேர்ந்து பிரியும். ஒலி மூச்சு விடுவதுபோல் கேட்கும்.

4. ஃபில்டரைக் கிட்டத்தட்ட மூடவும். சா டூத் அலைக்குள் 110, 220, 330, 440, 550 என்று மேல் ஸ்வரங்கள் அடுக்காக இருக்கின்றன. 250 ஹெர்ட்ஸ் அருகில் மூடினால் பெரும்பாலும் முதல் இரண்டுதான் கேட்கும்.

5. இனி ஃபில்டரை மட்டும் மிக மெதுவாகத் திறக்கவும். மேல் ஸ்வரங்கள் ஒவ்வொன்றாக வரும்போது அவற்றின் அசைவு வேகமும் கூடும். அடியில் 5 நொடிக்கு ஒருமுறை இருந்த அசைவு, ஐந்தாவது மேல் ஸ்வரத்தில் நொடிக்கு ஒன்றாகிவிடும். ஒரே ஒரு நாபைத் திருப்பியதில் இசையின் நடையே மாறியிருக்கும்.

6. எல்எஃப்ஓவை 20 முதல் 40 நொடிக்கு ஒரு சுற்று என்று வைத்து ஃபில்டரோடு இணைக்கவும். ரிவெர்ப் அடங்கும் நேரத்தை 8, 10 நொடிக்குக் கொண்டுபோகவும்.

அவ்வளவுதான். இனி ஒரு நேரத்தில் ஒரு நாப்தான் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிய பிறகு ஒரு நிமிடமாவது கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள்.

'டார்க்' எங்கிருந்து வருகிறது?

மூன்று இடங்களிலிருந்து. முதலாவது, ஃபில்டர் மேல் ஸ்வரங்களை மறைப்பது. சுவருக்கு அந்தப்பக்கம் நடக்கும் சத்தம்போல, மூலம் எது என்று தெரியாத ஒலி மனசை உஷாராக்கும். இரண்டாவது, நீண்ட ரிவெர்ப். இடம் பெரிது, வெறிச்சோடி இருக்கிறது என்று காது கணக்குப் போடும்.

மூன்றாவது, ஸ்வரங்களின் நெருக்கம். ஸட்ஜத்தோடு பஞ்சமத்தைச் சேர்த்தால் நிம்மதியாக இருக்கும். அதே தாழ்ந்த ஸ்தாயியில் ஸட்ஜத்தோடு சுத்த ரிஷபத்தைச் சேர்த்துப் பாருங்கள். 110-ம் 116.5-ம் சேர்ந்து நொடிக்கு ஆறேழு முறை உறுமும். அதை மிகக் குறைந்த வால்யூமில், அரைகுறையாகக் கேட்கும்படி வைத்தால் அறையின் உணர்வே மாறிவிடும்.

பஞ்சமத்திலும் ஒரு ரகசியம் உண்டு. 110-க்குத் தம்புராவின் சுத்தமான பஞ்சமம் 165 ஹெர்ட்ஸ். கீபோர்டின் பஞ்சமம் சுமார் 164.8. இந்தச் சின்ன வித்தியாசத்தால் கீபோர்டு பஞ்சமம் ஏறக்குறைய 3 நொடிக்கு ஒருமுறை லேசாக ஆடும். தம்புரா பஞ்சமம் அசையாமல் நிற்கும். ட்யூன் நாபால் ஆட்டத்தை நிறுத்திப் பாருங்கள். சுருதி சேர்வது என்றால் என்ன என்று அந்த நொடியில் காதுக்கே புரியும்.

பக்கத்து வீடும் உங்கள் காதும்

தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டிப் போகும். சொல் எதுவும் கேட்காமல் உறுமல் மட்டும் கேட்டால் மாடி வீட்டுக்காரருக்கு எரிச்சல் வருவது நியாயம்தான். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல். எனவே இரவில் ஹெட்போன்தான் வழி.

அதிலும் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை. ஏற்கெனவே நாள் முழுக்க மீட்டிங்கில் ஹெட்போன் போட்டிருப்பவர்களுக்கு அந்தக் கணக்கில் மிச்சம் குறைவு. டிலேயின் 'ஃபீட்பேக்' நாபை முழுவதும் திருப்பினால் ஒலி தன்னைத்தானே ஊதிப் பெருக்கிக்கொள்ளும். அதைத் தொடும் முன் வால்யூமைக் குறைத்துவிடுங்கள்.

வாங்கும் முன் ஒரு வாரம்

பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். போனில் இலவசமாகக் கிடைக்கும் தம்புரா ஆப் ஒன்றைப் போடுங்கள். ஆறு கட்டை, ஸ-ப. விளக்கை அணைத்துவிட்டு இருபது நிமிடம் வேறெதுவும் செய்யாமல் கேளுங்கள். ஏழு நாள் இப்படி.

நான்காவது நிமிடத்திலேயே தினமும் கை வேறு ஆப்புக்குப் போனால், எவ்வளவு விலையுள்ள சிந்தசைசரும் அலமாரிக்குத்தான் போகும். காசு மிச்சம். மாறாக, ஏழாவது நாள் ஒரே சுருதிக்குள் முதல் நாள் கேட்காத இரண்டு மூன்று ஸ்வரங்கள் கேட்கத் தொடங்கினால், ஒரு சின்ன மெஷின் வாங்கலாம். ஒன்று போதும்.