மாற்றுச் சக்கரம்



ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் 25ஆம் நாளையொட்டி வரும் ஞாயிறன்று, திருப்பலி முடிந்தபின் நம் ஆலய முற்றத்தில் ஊர்திகளை மந்திரிப்பது வழக்கம். புனித கிறிஸ்தோபர் திருநாள் 1969ஆம் ஆண்டில் திருச்சபையின் பொது நாள்காட்டியினின்று எடுக்கப்பட்டுவிட்டது எனினும், ஓட்டுநர்களின் பக்தி நாள்காட்டியைப் பார்த்து நடப்பதன்று. மீன் வண்டி, ஆட்டோ, கார் யாவும் வரிசையாக வந்து நிற்கும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வேண்டாம் என்று நாம் எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் ஒரு சிலர் வைத்தே தீருவர், அது கிடக்கட்டும்.

இவ்வாண்டு தீர்த்தம் தெளிக்குமுன் நாம் ஒன்று செய்தோம். ஒவ்வொரு காரின் பின்கதவையும் திறக்கச் சொல்லி, ஸ்டெப்னியைக் காட்டும்படி கேட்டோம். மக்களுக்கு வியப்பு, சிலருக்குச் சிரிப்பு. பாய், குடம், ஐஸ் பெட்டி, வேளாங்கண்ணிக்குப் போனபோது ஏற்றிய சமையல் பாத்திரம் ஆகிய அனைத்தையும் இறக்கி வைத்த பின்னரே அடியில் அது தென்பட்டது. சிலவற்றில் கட்டைவிரலால் அழுத்தினாலே அமுங்கும் அளவுக்குக் காற்றில்லை. ஒரு காரில் அந்தக் குழி வெறுமையாய் இருந்தது. "எங்கே?" என்றோம். "அதுதான் முன்னால ஓடிக்கிட்டிருக்கு சாமி" என்றார் உரிமையாளர், யாதொரு கூச்சமுமின்றி.

நாம் ஏன் இதை ஆராயத் தலைப்பட்டோம் என்பதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நம் பங்கைச் சேர்ந்த வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரின் வண்டி உச்சிப்புளி அருகே பஞ்சரானது. சீமைக் கருவேல முள்தான். நம் இராமநாதபுரம் சீமையில் வண்டி ஓட்டுகிறவர்க்கு அந்த முள்ளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. விறகு வெட்டிச் சென்றவர்கள் சாலையோரம் சிந்திவிட்டுப் போகும் கிளை ஒன்று போதும். டியூப்லெஸ் டயரில் முள் குத்தினால் உடனே காற்று இறங்கிவிடுவதில்லை. முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டு, காற்று சிறிது சிறிதாகக் கசியும். ஓட்டுகிறவர் அதை அறியாமல் நெடுந்தூரம் செல்வார். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறி, உள்ளேயே நைந்துபோகும். இவருக்கும் அதுதான் நேர்ந்தது. ஒட்டுப் போட்டால் தீர்ந்திருக்க வேண்டிய பஞ்சர், புது டயர் வாங்க வேண்டிய செலவாகிவிட்டது.

அவர் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு வீடு சேர்ந்தார். அதன் விளிம்பில் மஞ்சள் தாளில், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டற்க என்று அச்சிட்டிருந்தது. மற்ற நான்கு சக்கரங்களைவிட அது மெலிந்தது, விட்டத்தில் சிறியது. புது டயர் வாங்க வேண்டும் என்று அவர் நினையாமல் இல்லை. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கையில், நம் ஊர்களில் காரை வாடகைக்குக் கேட்பார் யார்? பையனின் பள்ளிக் கட்டணம் வேறு எதிரே நின்றது. "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விட்டுவிட்டார். அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. கையில் காசில்லாதவனுக்கு நாளை என்பது எப்போதும் அடுத்த வாரமே.

மே மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவு. தீவிலிருந்து தலைப்பிரசவத்திற்கு ஒரு பெண்ணை இராமநாதபுரத்திற்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 108க்குச் சொல்லி வரக் காத்திருப்பதைவிட, வாசலில் நிற்கும் காரே விரைவு என்று வீட்டார் எண்ணினர். பாம்பன் பாலத்தைக் கடந்து, மண்டபத்தைத் தாண்டி, உச்சிப்புளி வருமுன் அந்தச் சிறு டயர் வெடித்தது. ஓட்டுநர் திறமைசாலி, பிரேக்கை மிதிக்காமல், கைச்சக்கரத்தை இறுகப் பிடித்து, ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். யாருக்கும் காயமில்லை. ஆனால் மாட்டுவதற்கு இனிச் சக்கரமில்லை. இருபுறமும் கருவேலங்காடு; வலியில் துடிக்கும் பெண்; தாயார் கையில் செபமாலை.

இராமேசுவரத்தில் தரிசனம் முடித்துத் திரும்பிய வடநாட்டு யாத்திரிகர்களின் வண்டி ஒன்று வந்தது. அவர்கள் பேசிய மொழி இவர்களுக்குத் தெரியாது. இவர்கள் மொழி அவர்களுக்குத் தெரியாது. பெண்ணைக் கண்டதும் அவர்களில் மூதாட்டி ஒருவர் எழுந்து, ஆண்களை எல்லாம் இறக்கிச் சாலையோரம் நிறுத்திவிட்டு, தம் மடியிலேயே அவள் தலையை வைத்துக்கொண்டாராம். மருத்துவமனைக்குச் சென்று சேர்ந்த அரைமணி நேரத்தில் ஆண் குழந்தை. ஞானஸ்நானம் கொடுத்தது நாமே. அந்த மூதாட்டியின் பெயரைக் கேட்டு வைக்க யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் இன்றுவரை அக்குடும்பத்தாரின் வருத்தம்.

இந்த ஸ்டெப்னி என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்று வினவுவோர் உண்டு. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்னும் ஊரில் ஸ்டெப்னி என்று ஒரு தெரு. அங்கே தொழில் நடத்திய தாமஸ் டேவீஸ், வால்டர் டேவீஸ் என்னும் சகோதரர்கள் 1904ஆம் ஆண்டில் இதை உருவாக்கினர். அக்காலத்துக் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலே விற்கப்பட்டன. சாலைகளோ குதிரை லாடத்து ஆணிகள் சிந்திக் கிடந்தவை. ஆரக்கால் இல்லாத வெறும் வளையம் ஒன்றில் காற்றடைத்த டயரைப் பொருத்தி, பழுதான சக்கரத்தைக் கழற்றாமலே அதன்மேல் கவ்விப் பிடிக்குமாறு அவர்கள் அமைத்தனர். ஆக, முதல் ஸ்டெப்னியே ஒரு தற்காலிகத் துணைதான். இங்கிலாந்தில் அப்பெயர் மறைந்தொழிந்தது. நம் நாட்டிலும், சற்றுத் திரிந்த உருவில் பிரேசில் நாட்டிலும் இன்றளவும் வழங்கி வருகிறது.

பிற்காலத்தில் ஐந்தாம் சக்கரமும் மற்ற நான்கைப் போலவே முழு அளவில் வந்தது. நம் தலைமுறையினர் பழகியது அதுவே. பழுதானதைக் கழற்றி இதை மாட்டிவிட்டு, மாதக்கணக்கில் மறந்து ஓட்டினாலும் குற்றமில்லாதிருந்தது. இப்போது எடையும் இடமும் விலையும் குறைய வேண்டும் என்று பல கார்களில் சிறிய சக்கரம் கொடுக்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் மத்திய அரசு விதியைத் திருத்தி, டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னியே கட்டாயமில்லை என்று அறிவித்தது. அந்தப் பெட்டி முள் குத்திய ஓட்டைக்கு உதவும். பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. நம் கடற்கரையில் ஓட்டுபவர் ஒரு சக்கரத்தை உடன் வைத்திருப்பதே நலம் என்பது நம் எண்ணம்.

பழைய பழக்கம் மாறவில்லை, சக்கரம் மாறிவிட்டது. இடர் இங்கேதான். விட்டத்தில் சிறிய சக்கரம் அதே தூரத்தைக் கடக்க மற்றதைவிட அதிக முறை சுற்ற வேண்டும். அது எஞ்சினால் இழுக்கப்படும் சக்கரங்களுள் ஒன்றாயின், வளைவில் மட்டும் வேலை செய்ய வேண்டிய பல்சக்கரங்கள் நேர்ச்சாலையிலும் ஓயாமல் உராய்ந்து சூடேறும். நம் கார்களில் பெரும்பாலானவற்றை முன்சக்கரங்களே இழுக்கின்றன. ஆதலால் முன்சக்கரம் பஞ்சரானால், பின்னால் உள்ள நல்ல சக்கரத்தை முன்னுக்குக் கொணர்ந்து, சிறியதைப் பின்னுக்கு மாட்டுவதே சிறப்பு. வேலை இரட்டிப்புதான். மெலிந்த டயர் தரையைப் பற்றும் பரப்பும் குறைவு; பிரேக் பிடிக்கையில் வண்டி ஒருபக்கம் இழுக்கும். 2017இல் திறக்கப்பட்ட அரிச்சல்முனைச் சாலையில் காற்று மணலை வாரி இறைத்திருக்கும் இடங்களில் இதை நன்கு உணரலாம். பக்கச்சுவரில் அளவு எண்ணுக்கு முன் 'டி' என்னும் ஆங்கில எழுத்து இருந்தால், அது தற்காலிக டயர் என்பதற்கு அடையாளம். அத்தகைய டயருக்கு 60 பவுண்டு காற்று வேண்டும். மற்றவற்றுக்கு அடிக்கும் முப்பதும் முப்பத்தைந்தும் அதற்குப் போதா. எதுவாயினும் அதன்மேல் எழுதியிருப்பதைப் படித்து அடித்தல் வேண்டும். ஓடாமல் கிடக்கும் ரப்பருக்கும் வயதாகிறது. பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 10 ஆண்டு கடந்ததை நம்பலாகாது.

கடலோரத்தார் நமக்கென்று சில தனித் தொல்லைகள் உண்டு. உப்புக்காற்றில் நட்டுகள் துருவேறி இறுகிவிடும். நடுவழியில் ஸ்பானரை மிதித்து ஏறி நின்றாலும் அசையா. ஆகவே வீட்டில் இருக்கும்போதே ஆறு மாதத்துக்கொருமுறை கழற்றிப் பூட்டி வைக்க வேண்டும். வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் வேன்களில், அதைத் தாங்கும் கம்பியும் திருகும் துருப்பிடித்து, வேண்டிய வேளையில் இறங்க மறுக்கும். மணலில் ஜாக்கி வைத்தால் வண்டி உயராது, ஜாக்கி புதையும். ஒரு முழச் சதுரப் பலகை உள்ளே கிடக்கட்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு பிறகு தூக்குக. இறக்கிய பின் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குக. பயணிகள் அனைவரும் வண்டியைவிட்டு இறங்கி, சாலைக்கு அப்பால் நிற்க வேண்டும். 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தின்மேல் பஞ்சரானால் அங்கே சக்கரம் மாற்ற முனைவது பேதைமை. போவதற்கும் வருவதற்குமாக அகலம் அவ்வளவே, காற்றும் வலுவானது. டயர் பாழானாலும் பாழாகட்டும் என்று விளக்கு மின்னவிட்டு, நடையளவு வேகத்தில் ஊர்ந்து கரை சேர்வதே அறிவுடைமை.

நம் மீனவ மக்களுக்கு இதை விளக்குவது எளிது. நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனால் கிடைத்த துணியைப் பாயாகக் கட்டிக் கரைக்கு வந்துவிடுவார்கள். வந்தபின் அந்தத் துணியோடு மறுநாள் தொழிலுக்குப் புறப்படுபவர் யார்? பத்துக் கன்னியர் உவமையை நாம் பிரசங்கத்தில் விளக்கும்போதெல்லாம், மதியற்ற ஐவர் எண்ணெயே கொண்டுவராதவர் என்றுதான் சொல்லி வந்தோம். மேலதிகமாக எடுத்துவந்ததை வழியிலேயே எரித்துத் தீர்த்துவிட்டு, தீர்ந்ததையே மறந்திருக்கும் ஆறாவது ஒருத்தியும் உண்டு என்று இப்போது நமக்குப் படுகிறது. நாமும் அவ்வினத்தவரே, நம் பங்கு இல்லத்துப் பழைய ஜீப்பில் இரண்டு மாதம் ஸ்டெப்னி இன்றி கிளைக் கிராமங்களுக்குப் போய்வந்ததை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

மந்திரிப்பு நாளன்று வரிசையில் முதலாவதாக நின்றது, மேலே சொன்ன ஓட்டுநரின் கார். தடைக்காலம் முடிந்த வாரமே கடன் வாங்கிப் புது டயர் போட்டுவிட்டாராம். சிறு சக்கரத்துக்கும் புதிது வாங்கியிருந்தார். பின்கதவு முன்னரே திறந்திருந்தது. உள்ளே ஒரு பொருளும் இல்லை. துடைத்து வைத்த ஸ்டெப்னி, அருகில் பலகை, ஜாக்கி, ஸ்பானர். "இதுக்கும் சேர்த்து மந்திரிச்சிருங்க சாமி" என்றார். நாமும் தாராளமாகவே தீர்த்தம் தெளித்தோம். "தண்ணி பட்டா துருப்பிடிக்குமே" என்று பின்னாலிருந்து அவர் மனைவி சொல்ல, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, நட்டு நட்டாகத் துடைக்கலானார்.