பனிக்காலத்தில் சப்போரோ: மூன்று நாள் பயணத்துக்குச் சில யோசனைகள்

கடையை ஒரு வாரம் அடைத்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் பழகிவிடுவார். ஆகவே நம்மைப் போன்றவர்கள் வெளிநாடு போனால் அது நாள் எண்ணிப் போகிற பயணமாகத்தான் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் டோக்கியோவில் வேலை பார்க்கும் மகனிடம் போயிருந்த நாங்கள், அங்கிருந்து மூன்று நாள் சப்போரோ போய் வந்தோம். அதில் ஒரு நஷ்டமும் பட்டோம். உறுப்பினர்கள் சிலர் விவரம் கேட்டதால் இதை எழுதுகிறோம்.

சப்போரோ, ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்காய்டோவின் தலைநகரம். மக்கள்தொகை 20 லட்சத்தை ஒட்டி வரும். 1972இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். ஓர் ஆண்டில் பெய்யும் பனியை மொத்தமாக அளந்தால் ஏறத்தாழ 5 மீட்டர். இவ்வளவு பனியிலும் காலையில் கடைகள் நேரத்துக்குத் திறக்கின்றன. அதைப் பார்ப்பதற்கே நாம் போகலாம்.

முதலில் நஷ்டத்தைச் சொல்லிவிடுகிறோம். டோக்கியோவிலிருந்து சப்போரோவின் ஷின் சிட்டோசே விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம்தான். அதனால் சப்போரோவிலிருந்து புறப்படும் அதே நாள் மாலையில் டோக்கியோவில் சென்னைக்கு விமானம் ஏறுவதாகத் தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தோம். அன்று பனிப்பொழிவு கடுமை. விமானம் பல மணி நேரம் தாமதம். சென்னை விமானம் போய்விட்டது. தனி டிக்கெட் என்பதால் பணமும் திரும்பவில்லை. மீண்டும் இரண்டு பேருக்குப் புதிதாக டிக்கெட் எடுத்தோம். லாரி வரும் நாளிலேயே சரக்கை விற்றுக் கொடுப்பதாக வாக்குக் கொடுக்கலாமா? அந்தத் தவறைத்தான் செய்தோம். 2022 பிப்ரவரியில் அங்கே 24 மணி நேரத்தில் 60 செண்டிமீட்டர் பனி கொட்டி, சப்போரோவுக்கு வந்து போகும் ரயில்கள் எல்லாம் நின்றுபோயின. ஆகவே திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து எழுதத் தொடங்குங்கள். சப்போரோவை விட்டுக் கிளம்பிய பின் டோக்கியோவில் ஓர் இரவு தங்கி, மறுநாள்தான் ஊருக்கு விமானம் ஏற வேண்டும்.

பிப்ரவரி முற்பகுதியில் பனித் திருவிழா. 1950இல் பள்ளி மாணவர்கள் ஓதோரி பூங்காவில் 6 பனிச் சிலைகள் செய்து தொடங்கியது இது. இன்று பல லட்சம் பேர் கூடுகிறார்கள். அறை வாடகை அதற்கேற்ப ஏறும். சிலைகளே நோக்கம் என்றால் பல மாதம் முன்னதாக அறை பிடிக்க வேண்டும். பனி மட்டும் போதும் என்பவர்களுக்கு ஜனவரி பிற்பகுதி சிக்கனம். ஒன்று நினைவிருக்கட்டும்: டிசம்பரில் மாலை 4 மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. வெளியே பார்க்க வேண்டியதைப் பகல் 3 மணிக்குள் முடிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

குளிரைவிட வழுக்கலுக்குத்தான் பயப்பட வேண்டும். இரவில் வெப்பம் மைனஸ் 6, 7 வரை இறங்கும். அதற்குத் தடித்த ஒரே கோட்டைவிட மெல்லிய உடைகளை அடுக்கிப் போடுவது நல்லது. கடைக்குள் நுழைந்தால் வியர்க்கும் அளவுக்குச் சூடு வைத்திருப்பார்கள். ஆனால் சாலையோ கண்ணாடி மாதிரி. முன்பு கார் சக்கரங்களில் ஆணி பொருத்தியிருந்தார்கள். அது சாலையைச் சுரண்டித் தூசியைக் கிளப்பியதால் 1990களில் தடைசெய்தார்கள். ஆணியில்லாத சக்கரங்கள் உருண்டு உருண்டு பனியைப் பளபளவென்று மெருகேற்றிவிடுகின்றன. தெருமுனைகளில் சிறு பெட்டிகள் இருக்கும். உள்ளே பொடிக்கல் பைகள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தூவிவிட்டு நடக்கலாம். நாங்கள் தோல் செருப்புக் கடையில் வாங்கிய வழவழப்பான பூட்ஸோடு போய், முதல் அரை மணியிலேயே எம் துணைவியார் விழுந்தார். நல்லவேளை, அடி இல்லை. காலணியில் மாட்டும் முள் பட்டை அங்கேயே கடைகளில் கிடைக்கிறது. விமானம் இறங்கியதும் அதுதான் முதல் கொள்முதல்.

விமான நிலையத்திலிருந்து ரயிலில் 40 நிமிடத்துக்குள் நகரம். சப்போரோ நிலையத்திலிருந்து சுசுகினோ கடைத்தெரு வரை பனியில் கால் வைக்காமல் நிலத்தடியிலேயே நடந்து போகலாம். இதில் நிலையத்துக்கும் ஓதோரிக்கும் நடுவிலுள்ள பகுதி 2011இல் திறந்தது. ஆகவே அறையை நிலையத்துக்கும் சுசுகினோவுக்கும் இடையில் பிடித்தால் பெட்டியைப் பனியில் இழுக்கும் பாடு குறையும். முகவரியும் எளிது. ஓதோரி பூங்காவை வைத்து வடக்கு, தெற்கு. சோசெய் ஆற்றை வைத்துக் கிழக்கு, மேற்கு. எண்ணைப் பார்த்து நடந்தால் வழி தவறாது.

வியாபாரிகள் தவறவிடக் கூடாதது தனுகிகோஜி. 1873இல் தொடங்கிய கடைத்தெரு. ஏறக்குறைய 900 மீட்டர், சுமார் 200 கடைகள். தெரு முழுவதற்கும் கூரை! மேலே பனி கொட்ட, கீழே ஜனங்கள் குடையில்லாமல் பை தூக்கிக்கொண்டு கடை கடையாக நுழைகிறார்கள். தனிக் கடைக்காரர் ஒருவர் இதைப் போட முடியுமா? அங்கேயே ஒரு மணி நேரம் நின்றுகொண்டிருந்தோம்.

மறுநாள் காலை மொத்தச் சந்தையை ஒட்டியுள்ள வெளிச்சந்தை. சுரங்க ரயிலில் நிஜூயோன்கென் நிலையத்தில் இறங்க வேண்டும். அதிகாலையில் போனால்தான் கலகலப்பு. நண்டும் சால்மனும் சைவருக்கு வேடிக்கை மட்டுமே. நம் கண் போனது கொம்பு என்னும் உலர்ந்த கடற்பாசியின் மேல். ரிஷிரி, ராவ்சு, ஹிதாகா என்று விளைந்த கரையின் பெயரைச் சொல்லித் தரம் பிரித்து, அதற்கேற்ற விலை வைத்திருக்கிறார்கள். எடை குறைவு, கெடாது. ஊருக்குக் கொண்டுவரத் தோதான சரக்கு.

சாப்பாட்டில் சைவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்த ஊர் மிசோ ராமென் கோப்பையில் காய்கறி மிதந்தாலும் சாறு பெரும்பாலும் பன்றி எலும்பு வைத்துக் காய்ச்சியது. சூப் கறி என்று நம் குழம்பை நினைவூட்டும் பண்டமும் அப்படியே. கோழிச் சாறு இருக்கும். மகன் ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டித்தான் காலம் தள்ளினோம்.

மூன்றாம் நாள் நேரமிருந்தால் ஒதாரு. ரயிலில் முக்கால் மணிக்குள். போகும்போது வலப்பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும். 1923இல் முடிந்த கால்வாயும், படகுச் சரக்கை இறக்கிவைத்த கல் கிடங்குகளும் பார்க்க வேண்டியவை. பனி வலுத்தால் இதைத்தான் விட வேண்டும்.

மேலே சொன்ன முள் பட்டை இரண்டு ஜோடி எங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது. போகிற உறுப்பினர் வாங்கிக்கொண்டு போய், திருப்பிக் கொடுத்தால் போதும்.