பெரிய டாக்டருக்கும் வாத்தியார் வேண்டும்!

ஆபரேஷன் அறை. மேஜை மீது நோயாளி. சுற்றிலும் உதவி டாக்டர், மயக்க மருந்து டாக்டர், நர்சுகள். எல்லோருக்கும் தலைவர் டாக்டர் அதுல் கவாண்டே.

அறையில் இன்னொருவரும் இருந்தார். அவர் கத்தியைத் தொடவில்லை. பார்ப்பதும், நோட்டில் குறிப்பதுமாக இருந்தார். யார் அவர்?

ராபர்ட் ஆஸ்டீன். ஓய்வு பெற்ற டாக்டர். கவாண்டேக்கு முன்பு தொழில் கற்றுக் கொடுத்தவர்.

முன்னேற்றம் நின்றது

இது அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் நடந்தது. கவாண்டேயின் தாய், தந்தை இருவரும் இந்தியாவில் பிறந்த டாக்டர்கள்.

ஆபரேஷன் செய்யத் தொடங்கி அவருக்கு 8 ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலில் ஆண்டுக்கு ஆண்டு திறமை வளர்ந்தது. பிறகு வளர்ச்சி நின்று விட்டது.

அவர் யோசித்தார். உலகப் புகழ் பெற்ற டென்னிஸ் வீரருக்கும் பயிற்சியாளர் உண்டு. டாக்டருக்கு மட்டும் ஏன் கூடாது? பழைய ஆசிரியரை அழைத்தார்.

இதில் கூச்சமும் இருந்தது. "கூட இருப்பவர் யார்?" என்று ஒரு நோயாளி கேட்டார். கவாண்டே உள்ளதைச் சொன்னார். நோயாளிக்கு அது தைரியம் கொடுக்கவில்லை!

கண்ணில் படாத குறைகள்

முதல் ஆபரேஷன் தைராய்டு சுரப்பியில். கவாண்டே பலமுறை செய்து பழகியதுதான். அன்றும் நன்றாகவே முடிந்தது. இதில் என்ன குறை சொல்லப் போகிறார் என்று நினைத்தார்.

ஆஸ்டீன் நோட்டை விரித்தார்.

வேலையின் நடுவே விளக்கு விலகி விட்டது. சுமார் அரை மணி நேரம் சரியான வெளிச்சம் இல்லை. டாக்டர் அதைக் கவனிக்கவே இல்லை.

அவருடைய முழங்கை அடிக்கடி தோள் அளவுக்கு உயர்ந்தது. அப்படி உயர்ந்தால் கையில் நிதானம் குறையும். நிற்கும் இடத்தையோ, கருவியையோ மாற்ற வேண்டும் என்றார் ஆஸ்டீன்.

இன்னொரு குறைதான் முக்கியமானது. நோயாளி மீது துணி போர்த்திய விதம் தலைவருக்கு மிக வசதி. எதிரே நின்ற உதவி டாக்டருக்கோ இடது கையை நீட்ட இடம் இல்லை. மருத்துவ மாணவர் உதவி செய்யவே முடியாமல் ஒதுங்கி நின்றார்.

தம் வசதியைப் பார்த்த தலைவர், மற்றவர்களின் கையைக் கட்டிப் போட்டிருந்தார். தெரிந்து செய்ததல்ல!

பேச்சு நடந்தது 20 நிமிடம். முந்தைய 5 ஆண்டுகளில் கிடைக்காத பாடம் அதில் கிடைத்தது என்று கவாண்டே 2011-ல் எழுதினார்.

நமக்கும் உண்டு

தன் முதுகு தனக்குத் தெரியாது. கீழே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் தலைவரிடம் சொல்லத் தயங்குவார்கள். மேலதிகாரி சொன்னாலோ வேலைக்கு ஆபத்து என்ற பயம் வரும். அதனால்தான் வெளியிலிருந்து ஒருவர் தேவைப்படுகிறார். அவர் திட்ட மாட்டார், தண்டிக்க மாட்டார். பார்த்ததைப் பார்த்தபடி சொல்வார். இன்று கம்பெனிகளில் இதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருக்கலாம். பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருக்கலாம். தொழில் தெரிந்த, நம்பிக்கையான பெரியவர் ஒருவரை அழையுங்கள். ஒரு நாள் முழுவதும் உங்கள் வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். ஒரு குறையை எடுத்துத் திருத்துங்கள். மறுபடியும் அழையுங்கள்.

முதல் நாள் சற்று வெட்கமாக இருக்கும். உங்களிடம் வேலை பார்ப்பவர்களுக்கோ, கை நீட்ட இடம் கிடைக்கும்!