குளிர்காலத்தில் தொட்டிச் செடி ஏன் சாகிறது?

டொராண்டோவில் ஜனவரி மாதம் வெளியே மைனஸ் 10 டிகிரி இருக்கும்போது வீட்டுக்குள் ஹீட்டர் புண்ணியத்தில் 21 டிகிரி. அங்குள்ள தமிழர் வீடுகளில் கோடை முழுக்க வெளியே நின்ற கறிவேப்பிலைத் தொட்டி, பனி விழுமுன்பே உள்ளே வந்துவிடும். இருந்தும் இலை மஞ்சளித்து உதிர்கிறது, பழி குளிர்மேல் விழுகிறது. ஆனால் 21 டிகிரி கறிவேப்பிலைக்குக் குளிரே அல்ல. வீட்டுக்குள் வைத்த செடிகளைப் பெரும்பாலும் கொல்வது, வெளிச்சம் குறைந்த பிறகும் கோடைக் கணக்கிலேயே ஊற்றப்படும் தண்ணீர்தான்.

டிசம்பர் கடைசியில் டொராண்டோவின் பகல் ஒன்பது மணி நேரத்தைத் தொடுவதில்லை. உச்சிவேளையில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 23 டிகிரிக்கு மேல் ஏறாது. அதே நாளில் சென்னையில் அது 53 டிகிரி உயரத்தில் நிற்கும். அந்தச் சாய்ந்த வெயிலும் மேகத்தைக் கடந்து, சன்னல் கண்ணாடியைக் கடந்துதான் அறைக்குள் வரவேண்டும். திறந்த வெளியில் கோடை நண்பகலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்கும். குளிர்காலத்தில் சன்னலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைத்த தொட்டிக்குச் சில நூறு லக்ஸ் கிடைத்தால் பெரிது. நம் கண் இருட்டுக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. இலைக்கு அந்த வசதி இல்லை. ஒளிச்சேர்க்கை குறைகிறது, இலைத்துளைகள் குறைவாகத் திறக்கின்றன, வேர் உறிஞ்சும் நீரும் குறைகிறது. ஊற்றிய தண்ணீர் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. வேரும் சுவாசிக்கும் உறுப்பு, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆகவே மண்ணின் இடுக்குகளில் நீர் நிறைந்து நின்றால் வேர் மூச்சுத் திணறிச் சாகும். பித்தியம் போன்ற வேரழுகல் கிருமிகள் எளிதில் புகும். இதில் கொடுமை என்னவென்றால், அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால் செடி தாகத்தில் வாடியதுபோலவே தொங்கும். பார்ப்பவர் இரங்கி, இன்னொரு குவளை ஊற்றுவார்.

ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு கிடக்கிறதே, அப்போது கூடுதலாகத் தண்ணீர் விட வேண்டாமா என்று கேட்கலாம். வறட்சி உண்மைதான். மைனஸ் 10 டிகிரி காற்று ஒரு கன மீட்டரில் இரண்டு கிராமுக்குச் சற்று மேல்தான் நீராவியைத் தாங்கும். அதையே 21 டிகிரிக்குச் சூடாக்கினால் 18 கிராம் வரை தாங்கக்கூடியதாகிவிடுகிறது. உள்ளே இருப்பதோ அதே இரண்டு கிராம், அதோடு சமையலும் மூச்சும் சேர்க்கிற கொஞ்சம். இலை நுனி கருகுவதும், வறண்ட காற்றை விரும்பும் சிலந்திப்பேன் இலையடியில் பெருகுவதும் இதனால்தான். ஆனால் வறண்டிருப்பது காற்று. அதை வேரில் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய முடியாது. மேல்மண் பொருக்காகக் காய்ந்திருக்கும்போதே தொட்டியின் அடி சொதசொதவென்று இருக்கும். இலைமேல் நீர் தெளிப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் பயன் தராது. செடிகளை நெருக்கி வைப்பது சற்று உதவும். ஈரப்பதமூட்டும் கருவி உண்மையாகவே உதவும். ஹீட்டருக்கு நேர் மேலே வைத்த தொட்டி மட்டும் விதிவிலக்கு. அது விரைவில் காய்ந்துபோகும், அதற்குத் தீர்வு இடத்தை மாற்றுவது.

அப்படியானால் குளிர் கொல்லாதா? கொல்லும். வெப்பமண்டலச் செடிகள் பலவற்றுக்கு உறைநிலைக்கு வெகு மேலேயே, 10 டிகிரியை ஒட்டியே, செல் சவ்வுகள் இறுகிப் பழுதாகத் தொடங்கும். இரவில் திரைச்சீலைக்கும் சன்னல் கண்ணாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட செடிக்கு இந்த ஆபத்து உண்டு. ஆனால் குளிர் தாங்கும் செடிகளுக்கு மிதமான குளிர் நண்பனாகவும் இருக்கிறது. பிரான்சின் வெர்சாய் அரண்மனையில் 1680களில் கட்டப்பட்ட ஆரஞ்சு மண்டபம் இதற்குச் சாட்சி. தடித்த சுவர், தெற்கு நோக்கிய பெரிய சன்னல்கள். இவற்றின் உதவியால் குளிர்காலத்தில் அங்கே வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் பெட்டிகளில் நின்றபடியே அங்கு குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வெளிச்சம் குறையும்போது வெப்பமும் குறைந்தால் சுவாசச் செலவு அடங்கிவிடுகிறது. நம் வரவேற்பறையிலோ ஒளிச்சேர்க்கையின் வரவு சுருங்கியபின்னும் வெப்பம் செலவைக் குறைக்க விடுவதில்லை. எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் குளிர்ந்த, வெளிச்சமான அறை ஏற்றது. கறிவேப்பிலைக்கு 15 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது.

எனவே நாட்காட்டி பார்த்துத் தண்ணீர் விடும் வழக்கத்தை நவம்பரோடு நிறுத்தலாம். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் தண்ணீர் வேண்டாம். லேசாகிவிட்டால் வெதுவெதுப்பான நீரை அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மார்ச் வரை உரம் வேண்டாம். தெற்குச் சன்னல் இல்லாத வீட்டில் ஓர் எல்.இ.டி. விளக்கைச் செடிக்கு அருகில் தினம் 12 மணி நேரம் எரியவிடலாம். எந்த உரத்தைவிடவும் அது பயன்படும். கறிவேப்பிலை மொத்த இலையையும் கொட்டி வெறும் குச்சியாக நின்றாலும் தூக்கி எறிந்துவிட வேண்டாம். நகத்தால் பட்டையைச் சற்றுக் கீறி, உள்ளே பச்சை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது.