ஏழு வாரக் கணக்கு

தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு தொடங்கிய முதல் வாரத்தில் பெரும்பாலான நோயாளிகள் நன்றாகவே இருப்பார்கள். தாங்களே நடந்து வருவார்கள், மேசையில் பத்து நிமிடம் படுப்பார்கள், எழுந்து போய்க் காபி குடிப்பார்கள். "கரண்ட் வச்சதே தெரியல" என்பார்கள். இரண்டாம் வாரக் கடைசியில் அந்தக் காபி ருசிக்காது. மூன்றாம் வாரத்தில் கன்னத்தின் உட்புறம் சிவந்து, வெள்ளைப் படலம் கட்டிப் புண்ணாகும். ஐந்தாம் வாரத்தில் எச்சில் விழுங்குவதே பெரும்பாடாகிவிடும்.

வெவ்வேறு ஊர், வெவ்வேறு வயது, வெவ்வேறு உடல்வாகு. ஆனாலும் இந்த வரிசை அதிகம் மாறுவதில்லை. உடலின் செல்கள் தங்களைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகம்தான் இந்தத் தேதிகளைக் குறிக்கிறது. அந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட குடும்பம், வரப்போவதை முன்கூட்டியே எதிர்கொள்கிறது. பக்கவிளைவைச் சமாளிப்பதும் சிகிச்சைதான் என்று புற்றுநோய் மருத்துவம் இன்று சொல்வதற்கு உறுதியான காரணங்கள் இருக்கின்றன.

ஏன் 35 தவணை?

தலை, கழுத்துப் புற்றுகளுக்குப் பொதுவாகக் கொடுக்கப்படும் கதிர்வீச்சு 70 கிரே (கிரே என்பது கதிரளவின் அலகு). ஒரு நாளைக்கு 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 35 தவணை, ஏழு வாரம். ஒரே நாளில் கொடுத்து முடித்துவிட்டால் என்ன?

1920-களில் பாரிஸின் ரேடியம் நிறுவனத்தில் க்ளோட் ரெகோ இதற்கு விடை கண்டார். ஆட்டுக்கிடாயின் விரையில் ஒரே முறையாகக் கதிரைப் பாய்ச்சினால், மலடாக்கும் அளவை எட்டுவதற்குள் மேல்தோல் வெந்துவிட்டது. அதையே சிறு சிறு தவணைகளாகப் பிரித்துக் கொடுத்தபோது விந்தணு உற்பத்தி நின்றது, தோல் தப்பியது. வேகமாகப் பெருகும் செல்கள் அழிந்தன, மற்றவை இடைவெளியில் தேறிக்கொண்டன. அதே நிறுவனத்தின் ஆன்றி கூத்தார் இந்த முறையைக் குரல்வளைப் புற்று நோயாளிகளிடம் பயன்படுத்திப் பலன் கண்டார். இன்றைய 35 தவணைகளின் வேர் அங்கே இருக்கிறது.

செல்லுக்குள் நடப்பது இன்னும் வியப்பானது. 1 கிரே கதிர்வீச்சு ஒரு செல்லின் டிஎன்ஏவில் சுமார் ஆயிரம் ஒற்றை இழை முறிவுகளையும், நாற்பது அளவில் இரட்டை இழை முறிவுகளையும் உண்டாக்குகிறது. ஆரோக்கியமான செல் அடுத்த சில மணி நேரத்தில் இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்துவிடும். புற்றுசெல்லின் பழுதுபார்க்கும் திறன் பல நேரங்களில் குறைபட்டது. ஒவ்வொரு நாளும் இந்தச் சிறு வேறுபாடு சேர்ந்து சேர்ந்து, 35-வது தவணையில் பெரிய வேறுபாடாகிறது.

கீமோ இங்கேதான் துணைக்கு வருகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க், மின்புலம் செல் பிரிதலைப் பாதிக்கிறதா என்று பாக்டீரியாவை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். பாக்டீரியா பிரியாமல் நீண்டுகொண்டே போனது, சில இயல்பைவிட 300 மடங்கு. காரணம் மின்சாரம் அல்ல. மின்முனைகளின் பிளாட்டினம் கரைசலில் கலந்து உருவான சேர்மங்கள். 1965-இல் இந்த முடிவு வெளியானது. 1978-இல் சிஸ்பிளாட்டின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது டிஎன்ஏவுக்குள் குறுக்குப் பிணைப்புகளைப் போட்டு, கதிர்வீச்சு உண்டாக்கிய முறிவுகளைச் செல் சரிசெய்யவிடாமல் தடுக்கிறது.

1999-இல் கருப்பை வாய்ப் புற்றுக்கான ஐந்து பெரிய ஆய்வுகள், கதிரையும் கீமோவையும் ஒரே காலத்தில் கொடுத்தால் இறப்பு அபாயம் 30 முதல் 50 விழுக்காடு வரை குறைவதைக் காட்டின. தலை, கழுத்துப் புற்றில், 17,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தரவுகளைத் திரட்டி 2009-இல் வெளியான பகுப்பாய்வு, ஒரே காலத்தில் சேர்த்துக் கொடுத்தவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் நூற்றுக்கு 6.5 பேர் கூடியதாகச் சொன்னது. இந்த லாபத்துக்கு உடல் கொடுக்கும் விலைதான் பக்கவிளைவு. கதிரும் மருந்தும் புற்றோடு சேர்த்து, வேகமாகப் பிரியும் நல்ல செல்களையும் தாக்குகின்றன.

வாய் ஏன் முதலில்?

வாயின் உட்சவ்வு ஒன்றிரண்டு வாரங்களில் முழுதாகப் புதுப்பிக்கப்படும். மேலே உள்ள செல்கள் உதிர, அடியிலிருந்து புதியவை ஏறி வரும். கதிர்வீச்சு அடியில் பிரியும் செல்களை நிறுத்துகிறது. மேலே ஏற்கெனவே இருப்பவை இன்னும் சில நாள் தாக்குப்பிடிப்பதால்தான் முதல் வாரம் சுகமாகக் கழிகிறது. அவை உதிர்ந்ததும் மாற்று இல்லை, புண் தெரிகிறது. நாக்கின் சுவை செல்களுக்கும் பத்து நாள் அளவில்தான் ஆயுள் என்பதால் ருசி போவதும் இதே கணக்கில் வருகிறது. பெரும்பாலோருக்கு அது சில மாதங்களில் படிப்படியாகத் திரும்பும்.

வாய்ப்புண் என்பது செல்கள் சாவது மட்டும் என்றே பல காலம் நினைத்திருந்தார்கள். ஸ்டீபன் சோனிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அது ஐந்து கட்டங்களில் நடப்பதை விளக்கினார். கண்ணுக்குப் புண் தெரிவதற்கு வெகு முன்பே சவ்வின் ஆழத்தில் அழற்சிச் சமிக்ஞைகள் கிளம்பி, ஒன்று இன்னொன்றைத் தூண்டிப் பெருகுகின்றன. ஆகவே பராமரிப்பு, புண் வருவதற்கு முன்பே, முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும்.

சிகிச்சை முடிந்த பிறகு என்ன நடக்கும் என்பதும் இதிலிருந்தே புரியும். கடைசித் தவணை முடிந்த பின் ஓரிரு வாரம் புண் குறையாது, சிலருக்குக் கூடவும் செய்யும். "கரண்ட் முடிஞ்சும் ஏன் இப்படி?" என்று வீட்டார் கலங்கிப்போவார்கள். அடியில் புதிய செல்கள் உருவாகி மேலே வந்துசேர நாள் பிடிக்கும் என்பதே காரணம். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் ஆறத் தொடங்கிவிடும்.

உப்பு, சோடா, நேரம்

வாய்ப் பராமரிப்பில் முதல் மருந்து மலிவானது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. இதை விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கொரு முறை கொப்பளிக்க வேண்டும். சோடா வாயின் அமிலத்தைக் குறைக்கிறது, கெட்டியான எச்சிலைத் தளர்த்துகிறது. கரைசலை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் புண்ணை எரிக்கும், தவிர்க்க வேண்டும். வலியையும் அழற்சியையும் தணிக்கும் பென்சிடமின் கொப்பளிப்பு நீர், குறைந்த ஆற்றல் லேசர் ஒளி ஆகியவற்றுக்கு ஆய்வுச் சான்று உண்டு. லேசர் வசதி உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

கதிர்வீச்சுக்கு முன்பே பல் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். கதிர் பட்ட தாடையெலும்பில் பிற்காலத்தில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் இருக்கிறது. எடுக்க வேண்டிய பற்களை முன்கூட்டியே எடுத்து, காயம் ஆறவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

எச்சில் நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கிறது. காதுக்கு முன்னுள்ள சுரப்பிகளில் கதிர் பட்டால் அது வற்றுகிறது. இதில் தொழில்நுட்பம் பெரிய நன்மை செய்திருக்கிறது. கதிரின் செறிவைக் கோணத்துக்குக் கோணம் மாற்றி, சுரப்பியை விலக்கிப் பாய்ச்சும் ஐஎம்ஆர்டி முறையைப் பழைய முறையோடு ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2011-இல் வெளியானது. ஓராண்டுக்குப் பின் கணிசமான வாய்வறட்சி பழைய முறையில் 74 விழுக்காட்டினருக்கும், புதிய முறையில் 38 விழுக்காட்டினருக்கும் இருந்தது.

எடையும் முகக்கவசமும்

கதிர் குறிபார்த்துப் பாய வேண்டுமென்றால் தலை அசையக் கூடாது. அதற்காக ஒரு பிளாஸ்டிக் வலைத் தகட்டைச் சுடுநீரில் போட்டு இளக்கி, நோயாளியின் முகத்தின் மேல் இழுத்துப் பொருத்துவார்கள். சில நிமிடங்களில் அது குளிர்ந்து இறுகி, நெற்றி, மூக்கு, தாடை எல்லாவற்றின் வடிவத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் அதை மாட்டி, மேசையோடு பூட்டித்தான் கதிர் பாய்ச்சுவார்கள். ஏழு வாரமும் அதே கவசம்.

நோயாளி ஐந்தாறு கிலோ இளைத்துவிட்டால் கவசம் தளர்கிறது. உள்ளே தலை நகர இடம் கிடைக்கிறது. எச்சில் சுரப்பிகளும் கட்டியும் கணக்கிட்ட இடத்திலிருந்து விலகுகின்றன. சில சமயம் புதிய கவசம், புதிய ஸ்கேன், புதிய திட்டம் எல்லாம் தேவைப்படும். சாப்பாடு குறைந்தால் கதிரின் குறியே தப்பிப்போகக்கூடும் என்பதைச் சமையலறையில் நிற்பவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

நம் வீடுகளில் நோய் என்றதும் பத்தியம் தொடங்கிவிடுகிறது. முட்டை ஆகாது, மீன் ஆகாது, கஞ்சி போதும் என்பார்கள். இந்த ஏழு வாரத்தில் அது கேடு. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம் புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. வெறும் கஞ்சியால் இந்தக் கணக்கு நிறையாது. பாலில் கரைத்த இட்லி, நன்கு வேகவைத்து மசித்த முட்டை, நெய் சேர்த்த பருப்புச் சாதம், பால் விட்டுக் காய்ச்சிய சத்துமாவு எனக் காரமும் புளியும் இல்லாமல், சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் உணவு ஆலோசகரைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

விழுங்கவே முடியாதபோது மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போடச் சொல்வார்கள். குழாய் என்றாலே கடைசிக் கட்டம் என்று அஞ்சுகிறார்கள். உண்மையில் சிகிச்சையை முழுதாக முடிக்க உதவும் தற்காலிகப் பாதை அது. குழாய் இருந்தாலும், மருத்துவர் அனுமதித்தால், ஒன்றிரண்டு வாய் தண்ணீராவது விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வேலை கொடுக்கப்படாத விழுங்கு தசைகள் பலமிழந்து, பிறகு மீள்வது கடினமாகிறது. தாடை இறுகாமலிருக்கப் பல மருத்துவமனைகளில் சொல்லித்தரும் பயிற்சி எளிமையானது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, வாரத்துக்கு வாரம் ஒரு குச்சி கூட்டுவது. வாய் 35 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் திறந்தால் தாடை இறுகிவிட்டது என்று பொருள்.

மருந்து தரும் தொல்லைகள்

சிஸ்பிளாட்டின் கடுமையாகக் குமட்டும் மருந்துகளில் ஒன்று. முதல் நாள் வாந்திக்குக் காரணம், குடலின் செல்கள் வெளியிடும் செரடோனின். இரண்டாம் நாளிலிருந்து வரும் வாந்திக்குப் பெரும்பாலும் வேறொரு வேதிப்பொருள் காரணம். ஆகவேதான் ஆண்டன்செட்ரான், அப்ரிபிட்டன்ட், டெக்சாமெத்தசோன் என்று பல மாத்திரைகளைச் சேர்த்துத் தருகிறார்கள். வாந்தி வந்த பிறகு தேடாமல், எழுதித் தந்த நேரத்தில் விழுங்க வேண்டும். சீட்டில் ஒலான்சபின் இருந்தால் மனநோய்க்கான மருந்தைத் தவறாகத் தந்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம். வாந்தியைத் தடுக்கவும் அது நன்றாக வேலை செய்கிறது.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்குவதால்தான் அதற்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்றுகிறார்கள். வீட்டிலும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். மற்ற உறுப்புகளிலிருந்து சில நாட்களில், வாரங்களில் வெளியேறும் பிளாட்டினம், உட்செவியில் மாதங்கள், ஆண்டுகள் தங்கிவிடுவதை 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. காதில் இரைச்சல் கேட்டால் அடுத்த கீமோவுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மாற்று மருந்து உண்டு. சிஸ்பிளாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டோசிடாக்சல் கொடுத்து மும்பை டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வில், இரண்டாண்டு உயிர்வாழ்வு 41.7 விழுக்காட்டிலிருந்து 50.8 ஆக உயர்ந்தது.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக் காலை வரை காத்திருக்கக் கூடாது. வெள்ளணுக்கள் குறைந்த உடலில் தொற்று சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடலில் தங்குவதில்லை என்பதையும் குடும்பம் அறிய வேண்டும். பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

நாள் தவறினால்

இத்தனை கவனமும் ஏன் என்பதற்கான விடை 1988-இல் ராட்னி விதர்ஸும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. சிகிச்சை தொடங்கிச் சுமார் நான்கு வாரம் ஆனதும், தப்பிப் பிழைத்த புற்றுசெல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. அதன்பின் தவறும் ஒவ்வொரு நாளையும் ஈடுகட்ட நாளொன்றுக்குச் சுமார் 0.6 கிரே கூடுதலாகத் தேவைப்படும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். புண் மிகக் கடுமையாகும் நேரமும், இடைவெளி விடவே கூடாத நேரமும் ஒன்றாகவே வருகின்றன. ஐந்தாம் வாரத்தில் "ரெண்டு நாள் ஓய்வெடுத்துட்டு வர்றேன்" என்று ஊருக்குப் போவது ஓய்வாகாது, நோய்க்குக் கொடுக்கும் அவகாசமாகிவிடும்.

வலி தாங்க முடியாமல்தான் ஆள் வராமல் போகிறார். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதை நாம் பெருமையாகக் கருதி வளர்ந்திருக்கிறோம். டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது, மார்ஃபின் போட்டால் பழகிவிடும் என்று எத்தனையோ பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். மருத்துவர் கண்காணிப்பில் வலிக்காக எடுக்கும் மார்ஃபினை, புண் ஆறியதும் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில், பரவிய புற்றுக்குக் கீமோ எடுத்த 766 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. தங்கள் தொல்லைகளைக் கணினி வழியாகத் தவறாமல் தெரிவித்து வந்தவர்களின் இடைநிலை (மீடியன்) உயிர்வாழ்வுக் காலம் 31.2 மாதம், வழக்கமான முறையில் இருந்தவர்களுக்கு 26 மாதம். சொன்னதால், செவிலியர் உடனே கவனித்ததால், கிடைத்த ஐந்து மாதம் அது.

எனவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தினமும் எடை, எத்தனை வேளை சாப்பிட்டார், வலி பத்துக்கு எவ்வளவு, காய்ச்சல், வாந்தி ஆகியவற்றை எழுதுங்கள். வாரந்தோறும் மருத்துவரைப் பார்க்கும்போது அதை விரித்து வைத்துப் பேசுங்கள். நோயாளி "பரவாயில்லை" என்றாலும் வீட்டார் பேசுங்கள். 35 தவணையும் நாள் தவறாமல் முடிய, அந்தப் பேச்சும் மருந்தளவுக்கு வேலை செய்கிறது.