கரையில் வைத்த அமானிதம்

தை பிறந்து பங்குனி முடியும் வரையுள்ள நாள்களில், வைகறைத் தொழுகைக்குப் பின் பெசன்ட் நகர்க் கடற்கரையில் உலாவச் செல்வோர் சில வேளைகளில் விந்தையான தடம் ஒன்றைக் காணலாம். சிறு வண்டி உருண்டது போன்ற அத்தடம் நீர் விளிம்பிலிருந்து மேலேறி, உலர்ந்த மணலில் வளைந்து, மீண்டும் கடலுக்கே திரும்பியிருக்கும். முந்தைய இரவு வந்துபோன ஒரு தாயின் சுவடு அது. மீனவ மக்கள் அவ்வுயிரைப் பங்குனி ஆமை என்பர்.

கடலிலேயே வாழும் இவ்வுயிர் கரையை நாடுவதற்குக் காரணம் உண்டு. முட்டைக்குள் வளரும் கரு காற்றைச் சுவாசித்தாக வேண்டும். நீரில் இட்டால் அது மடிந்துவிடும். ஆகவே பெண் ஆமை மட்டும் கரையேறுகிறது. ஆண் ஆமையோ, குஞ்சாக நீரில் இறங்கியபின் பொதுவாக மண்ணை மிதிப்பதே இல்லை.

ஏறத்தாழ நாற்பது கிலோ எடையுள்ள அத்தாய், அலை எட்டாத இடத்தைத் தேர்ந்து, பின் துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்திற்குக் குடம் போன்ற குழியைத் தோண்டுகிறது. அதில் நூறு முதல் நூற்றிருபது முட்டைகள் வரை இடுகிறது. அப்போது அதன் கண்களில் நீர் வழிவதைக் கண்டு, பெறும் வேதனையில் அழுகிறது என்பாருண்டு. உண்மையில் அது உடலில் மிகுந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் நீரே. பின்னர் குழியை மூடி, தன் உடலாலேயே மணலைத் தட்டி இறுக்கிவிட்டு, ஒரு மணி நேர அளவில் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. அதன்பின் முட்டைகளைக் காண அது வருவதில்லை.

அவ்வாறாயின் முட்டைகளைப் பொரிக்கச் செய்வது யார்? முன்னோரும் இவ்வினாவை எண்ணிப் பார்த்துள்ளனர். ஹிஜ்ரி 808 (கி.பி. 1405)இல் மறைந்த எகிப்திய அறிஞர் கமாலுத்தீன் அத்தமீரி, தம் 'ஹயாத்துல் ஹயவான்' எனும் நூலில் ஒரு விளக்கம் தருகிறார். ஆமையின் அடிப்புறம் வெப்பமற்ற கடினமான ஓடு. எனவே அதனால் அடைகாக்க இயலாது. முட்டைகளை இடைவிடாது நோக்கியிருக்க, இறைவன் குஞ்சுகளை உருவாக்குகின்றான் என்பது அதன் சாரம். மீன் பார்வையாலும், பறவை தொடுதலாலும், ஆமை நினைவாலும் குஞ்சு பொரிக்கும் என்பது தமிழகத்தின் பழங்கருத்து. அடைகாக்காத தாய்க்கு எப்படிக் குஞ்சு பிறக்கிறது என்ற வியப்பே இரண்டிற்கும் மூலம்.

இன்றைய ஆய்வு தரும் விடை அதனினும் வியப்பானது. அடைகாப்பது மணலே. கதிரவனின் வெப்பத்தைத் தாங்கி நிற்கும் மணல், நாற்பத்தைந்து முதல் அறுபது நாள்களில் குஞ்சுகளை வெளிக்கொணர்கிறது. அவை ஆணா பெண்ணா என்பதையும் அவ்வெப்பமே தீர்மானிக்கிறது: குளிர்ந்த மணலில் ஆண் மிகும், சூடான மணலில் பெண் மிகும். புவி வெப்பமடைதலை அறிஞர்கள் கவலையோடு நோக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேல்மணல் குளிர்ந்த இரவில் குஞ்சுகள் கூட்டமாக வெளிவருகின்றன. வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஊர்வது அவற்றின் இயல்பு. மின்விளக்கில்லாக் காலத்தில் அவ்வெளிச்சம் விண்ணொளியைப் பிரதிபலிக்கும் கடலாகவே இருந்தது. இன்றோ பட்டினப்பாக்கம் முதல் நீலாங்கரை வரை தெரு விளக்குகளும் மாடி விளக்குகளும் கடலைவிட ஒளிர்கின்றன. குஞ்சுகள் திசைமாறிச் சாலையை நோக்கி ஊர்ந்து, நாய்களுக்கும் காகங்களுக்கும் வண்டிகளுக்கும் இரையாகின்றன.

இதனைத் தடுக்க 1970களிலேயே ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் இக்கரையில் இரவு நடையைத் தொடங்கினர். 1988இல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு தோன்றியது. பருவந்தோறும் இளைஞர்கள் இரவில் கடற்கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கின்றனர். குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர்.

எனினும் கரையில் காப்பது மட்டும் போதாது. 2025 ஜனவரியில் சென்னையையொட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்தது. ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. இழுவலையில் சிக்கி நீர்மட்டத்திற்கு வர இயலாவிடில் மூச்சடைத்து இறக்கும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கலாகாது என்னும் விதியும், ஆமை தப்பிச் செல்ல வழிவிடும் வலைக்கருவியும் இதற்காகவே பேசப்படுகின்றன. பிடிபட்ட மீனை உண்ணும் நகரத்தாராகிய நமக்கும் இதில் பங்குண்டு.

ஒருவர் நம்பி ஒப்படைத்துச் சென்ற பொருளை அமானிதம் என்கிறோம். உரியவர் திரும்பி வந்து கேட்காவிடினும் அதன் பொறுப்பு நீங்குவதில்லை. பங்குனி ஆமை திரும்பி வந்து கேட்பதில்லை. கடலை நோக்கிய விளக்குகளை அந்த மூன்று மாதங்கள் இரவில் அணைத்து வைப்பது, மணலில் குப்பையை விடாதிருப்பது, கூட்டைக் கண்டால் தோண்டிப் பாராமல் வனத்துறைக்கு அறிவிப்பது ஆகியவை நம்மால் இயல்பவை. தாய் முட்டைகளை நோக்கியிருக்கும் என்று முன்னோர் எண்ணினர். அது நோக்குவதில்லை என்று அறிந்துகொண்ட நாம், அக்கரையின்மீது நம் கண்ணை வைத்திருப்பது கடமையாகும்.